அலுமினியப் பானையில் வெந்த புளிச்சக்கீரை: சின்ன வயதில் ஒதுக்கிய கறிகளைப் பழுதுபார்த்த பதிவு

என் பிள்ளைகள் இரண்டு பேரும் ராத்திரிச் சாப்பாட்டில் எதையெல்லாம் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறார்களோ, அதையெல்லாம் அந்த வயதில் நானும் தள்ளியிருக்கிறேன். புளிச்சக்கீரை, பாகற்காய், வெண்டைக்காய், நாப்பி என்கிற மீன் விழுது. “அப்பனைக் கொண்டு பிறந்திருக்குதுங்க” என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குத்தான் அது ஒட்டவில்லை. ஏனென்றால் இதே பிள்ளைகள் முன்பெல்லாம் இதே புளிச்சக்கீரையை மறுசோற்றுக்கும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்.

தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுபோனது என்று கூப்பிட்டால், “கடைசியா எதை மாத்துனீங்க?” என்பதுதான் என் முதல் கேள்வி. எங்கள் வீட்டில் கடைசியாக மாறியது மின்சாரம். 2021க்குப் பிறகு இங்கே யாங்கோனில் (பழைய ரங்கூன்) மின்வெட்டு கூடிக்கொண்டே போய், இப்போது கரண்ட் முறைவைத்து வருகிறது. பிரிட்ஜை நம்பி எதையும் வைக்க முடியாது. சாயங்காலம் சமைக்கலாம் என்று காத்திருந்தால் பாதி வேக்காட்டில் இருட்டாகிவிடும். அதனால் 1980களில் என் அம்மா செய்ததையே என் மனைவியும் செய்ய ஆரம்பித்தாள்: விடிகாலையில் கரியடுப்பை மூட்டி, நாள் முழுவதற்கும் ஒரே சமையல். பிள்ளைகள் தட்டில் ஒதுக்க ஆரம்பித்ததும் ஏறத்தாழ அப்போதிருந்துதான்.

அப்படியென்றால் என் சின்ன வயதிலும் பழுது காய்கறியில் இருந்திருக்காது. எங்கே இருந்தது என்று பிரித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் அந்தக் காலத்து நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். யாங்கோனின் தாம்வே பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா அடுக்குச்சட்டியோடு காலையிலேயே வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் அதற்குள் சோறும் கறியும் ஆகிவிடும். பிரிட்ஜ் கிடையாது. ஏப்ரல் வெயிலில், தண்ணீர்த் திருவிழா சமயத்தில், காலையில் வைத்த குழம்பு மத்தியானமே நுரை கட்டிவிடும். அதனால் மத்தியானம் எல்லாப் பானையும் ஒருமுறை அடுப்பேறும். விளக்கு வைக்கிற நேரத்தில் இன்னொரு முறை. ஆக, ராத்திரி எங்கள் தட்டுக்கு வருவது மூன்று தடவை கொதித்த கறி.

இதைத் தாங்குகிற கறிகள் உண்டு. பர்மியக் கறிகள் பெரும்பாலும் அப்படித்தான். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாயை இடித்து, தாராளமாக எண்ணெய் விட்டு, தண்ணீரெல்லாம் வற்றி எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை விடுவார்கள். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அது போன பிறகுதான் மசாலா பொரிந்து சிவக்கும். அப்படி வைத்த கோழியும் மீனும் மறுசூட்டில் இன்னும் ஊறித்தான் வரும். அம்மா பெகுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். கறி மீனெல்லாம் பர்மிய முறையில் வைப்பார். குழம்பு, கூட்டு, பொரியல் நம் முறையில். யோசித்துப் பார்த்தால், நான் ஆசையாகச் சாப்பிட்டவை எல்லாம் முதல் வரிசை. ஒதுக்கியவை, நாப்பியைத் தவிர, எல்லாம் இலையும் காயும்.

செய்த விதம் எளிமையானதுதான். ஒரே கடையில் ஒரே நேரத்தில் காயை வாங்கி இரண்டு பாதியாகப் பிரிப்பது. ஒரு பாதியைக் காலையில் சமைத்து, மத்தியானமும் சாயங்காலமும் அம்மா செய்தபடியே கொதிக்கவைப்பது. மறுபாதியைச் சாப்பாட்டுக்குச் சற்றுமுன் சமைப்பது. எது எந்தக் கிண்ணம் என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லை. காலிக் கிண்ணத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புளிச்சக்கீரையில்தான் தொடங்கினேன், எனக்கு அதன்மேல்தான் பழைய பகை. பர்மியர் சின்பவுங் என்பார்கள். யாங்கோனில் இந்தக் கீரை விற்காத சந்தை இல்லை, விலையும் கைக்கு அடக்கம். அதனால் வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில் அதுதான். ராத்திரி விளக்கொளியில் கறுப்பும் பச்சையும் சேர்ந்த ஒரு குழைவு தட்டில் வந்து உட்காரும். வாயில் வைத்தால் புளிப்புக்குப் பின்னால் காசை நக்கியது போன்ற ஒரு ருசி வரும். நிறத்தைப் பார்த்தே எனக்குப் பசி போய்விடும்.

செய்முறை இதுதான். தண்டை எறிந்துவிட்டு இலையை மட்டும் உருவி, இரண்டு தண்ணீரில் அலசி, நன்றாக வடியவிட வேண்டும். அரை வீசை கீரை, அதாவது சுமார் 800 கிராம், பார்க்க ஒரு கூடை இருக்கும். வெந்தால் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். கடலை எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் மஞ்சளும் சிவக்கட்டும். ஊறவைத்து இடித்த காய்ந்த இறால் ஒரு கைப்பிடி. அப்புறம் அவித்த மூங்கில் குருத்து, மெல்லிய வில்லைகளாக. மழைக்காலத்தில் பச்சைக் குருத்து வரும். அதைப் பானையைத் திறந்துவைத்துத் தனியாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குருத்தில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் இருக்கிறது, கசப்பும் அதனால்தான். வெந்து ஆவியாகவும் தண்ணீரோடும் போகிற விஷயம் அது, சோம்பல்பட்டு விடக்கூடாது. கடைசியாகக் கீரை. ஒரு சொட்டுத் தண்ணீர் விடத் தேவையில்லை. இலை தன் நீரிலேயே சுருங்கும். கீறிய பச்சைமிளகாயைப் போட்டுப் புரட்டி இறக்கினால் முடிந்தது. கீரையைச் சட்டியில் போட்டதிலிருந்து பத்து நிமிஷம் கூட ஆகாது.

முதல் நாள் எனக்கு ஓர் ஆச்சரியம். சாயங்காலம் சமைத்த கீரையும் அதே பழுப்புப் பச்சைதான்! இலையின் பச்சையத்தில் நடுவே ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்துவிடும். உடனே நிறம் மங்கிப் பழுப்பாகும். மற்றக் கீரையில் இது மெதுவாக நடக்கும், மூடியைத் திறந்துவைத்துச் சீக்கிரம் இறக்கினால் பச்சை நிற்கும். புளிச்சக்கீரையோ தன் புளிப்பைத் தானே சுமந்து வருகிறது, தப்பிக்க வழியில்லை. சமையல் சோடா போட்டால் நிறம் நிற்கும் என்று ஒரு கூட்டாளி சொன்னார். நிற்கும்தான். புளிப்பும் போய், இலையும் கூழாகி, பிறகு எதற்குப் புளிச்சக்கீரை? நான் செய்யவில்லை. நான் இத்தனை காலம் குற்றம் சொன்ன நிறத்துக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை என்பது மட்டும் உறுதியானது.

வித்தியாசம் பல்லில் தெரிந்தது. சாயங்காலக் கீரையில் இலை இலையாக ஒரு கடி இருந்தது. மூங்கில் குருத்தும் மொறுமொறுவென்று தனியாக நின்றது. காலைக் கீரை குழைந்து ஒரே பசை. ஆனால் அந்தக் காசு ருசி இரண்டிலுமே இருந்தது, காலையுடையதில் அதிகம். அப்போதுதான் பானை மேல் சந்தேகம் வந்தது. இரண்டையும் சமைத்தது அலுமினியப் பானையில்.

மறுபடி செய்தபோது காலை, சாயங்காலம் பேச்சை விட்டேன். இரண்டையும் காலையிலேயே, ஒன்றை அலுமினியத்திலும் இன்னொன்றை எனாமல் சட்டியிலும் வைத்தேன். மூன்று கொதியும் கொடுத்தேன். எனாமல் சட்டிக் கீரை குழைவாக இருந்தாலும் சுத்தமான புளிப்பு. பிள்ளைகள் அதை முடித்துவிட்டார்கள். அலுமினியக் கிண்ணம் அப்படியே இருந்தது. அலுமினியப் பானையைக் கழுவும்போது பார்த்தால் உள்பக்கம் புதுசாகப் பளபளக்கிறது. தண்ணீரின் உப்புகளால் அலுமினியத்தில் படிகிற கறுப்பைப் புளிப்பு கரைத்து எடுத்துவிடுகிறது. எடுத்த கறுப்பு எங்கே போகும்? கீரைக்குள்தான், கூடவே கொஞ்சம் அலுமினியத்தோடு.

அம்மாவிடம் பானையைக் காட்டினேன்.

“பாத்தீங்களாம்மா, பானை எப்படி வெளுத்துருக்கு?”

“வெளுக்கத்தானே அதுல வெக்கிறது. சோத்துப்பானை கறுத்துப்போச்சுன்னா ரெண்டு நாள் புளிச்சக்கீரை வெச்சா போதும். சாம்பல் போட்டுத் தேய்க்க எனக்கு ஏதுடா நேரம்?”

ஆக, நாங்கள் சாப்பிட்டது கறி மட்டுமில்லை, பாத்திரம் துலக்கிய அழுக்கும் சேர்த்து. இதைச் சொன்னதும் மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அப்பாயி, அப்ப எங்கப்பாதான் ஒங்க தேங்காய் நாரா?” என்று கேட்டுவிட்டு ஓடினாள். அம்மாவுக்கும் சிரிப்புத்தான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. “தின்ன யாருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்கிறார். ஆகவில்லைதான். ருசி போனது என்பதுதான் என் வழக்கு.

பழைய அலுமினியப் பானைகளை எறிய வேண்டியதில்லை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் அதில் தாராளமாக வேகலாம். புளி, தக்காளி, எலுமிச்சை, இந்தக் கீரை, இவை மட்டும் எனாமலுக்கோ மண்சட்டிக்கோ போகட்டும். எனாமல் வாங்கும்போது உள்பக்கம் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெயர்ந்த இடத்தில் உள்ளே இருக்கிற இரும்பு வெளியே தெரியும், மறுபடி பழைய கதைதான்.

வெண்டைக்காய்க்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. கொழகொழப்பு காயின் உள்ளே இருக்கிற ஒருவகைப் பசைப்பொருள். வெட்டினால் வெளியே வரும், தண்ணீர் பட்டால் ஊறிப் பெருகும். அம்மாவின் வெண்டைக்காய் கழுவிய ஈரத்தோடு வெட்டப்பட்டு, உப்புப் போட்டு மூடிவைத்து வெந்து, பிறகு தண்ணீர் தெளித்து இரண்டு முறை சூடாகி வரும். கொழகொழப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது. துடைத்துக் காயவிட்டு, பெரிய துண்டாக வெட்டி, அகலச் சட்டியில் திறந்தபடி வதக்கி, உப்பைக் கடைசியில் போட்டேன். சாப்பிடுகிற நேரத்தில் செய்தால்தான் உண்டு. காலையில் எவ்வளவு நன்றாக வதக்கினாலும் மறுசூட்டில் ஈரம் ஏறிவிடுகிறது. காலையிலேயே செய்தாக வேண்டுமென்றால் புளிக்குழம்பில் போடுங்கள். புளிப்பு அந்தக் கொழகொழப்பை நன்றாகவே அடக்குகிறது.

பாகற்காயில் நான் நினைத்ததற்கு நேர்மாறாக வந்தது. வறுவல் சாயங்காலம் செய்தால்தான் நன்று, அது தெரிந்ததே. மெல்லிய வளையமாக அரிந்து, உப்புப் பிசறி, அரைமணி கழித்துப் பிழிந்தால் கசப்பில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போகும். மிஞ்சிய உப்பும் வேலை செய்கிறது. நாக்கில் கசப்பைத் தெரியவிடாமல் உப்பு தடுக்கும். பருப்புச் சோற்றோடு மகன் அதை அப்பளம்போல நொறுக்கித் தின்றான். குழம்புதான் வேறு மாதிரி. சாயங்காலம் அவசரமாக வைத்த பாகற்காய்க் குழம்பில் துண்டு ஒரு பக்கம் கசக்கிறது, குழம்பு ஒரு பக்கம் புளிக்கிறது, ஒன்றோடொன்று பேசவே இல்லை. காலையில் வைத்து மூன்று கொதி கண்டதில் இரண்டும் கலந்து நின்றன. அதாவது அம்மா வைத்த முறைதான் சரி. குறையாக இருந்தது ஒன்றே ஒன்று, வெல்லம். பகான், மின்ஜான் பக்கமிருந்து வரும் பனைவெல்லம் இங்கே கடைக்குக் கடை கிடைக்கும், தேநீரோடு கடித்துக்கொள்வதற்கு. எங்கள் வீட்டில் அது விருந்தாளிக்கு மட்டும் என்று சட்டம். இரண்டு கட்டியைத் தட்டிக் குழம்பில் போட்டேன், அதுவும் மண்சட்டியில். அம்மாவே இரண்டாம் கரண்டி விட்டுக்கொண்டார். பாராட்டு எதுவும் வரவில்லை, அது அவர் வழக்கமில்லை.

நாப்பிக்கு வருகிறேன். பர்மாவில் வளர்ந்த தமிழர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக ஒரு வரி. மீனையோ பொடி இறாலையோ உப்பிட்டு, காயவைத்து, இடித்து, புளிக்கவிட்ட விழுது. அதைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, பூண்டும் வறுத்த மிளகாயும் சேர்த்தால் நாப்பித் தண்ணீர். நடுவில் அதை வைத்து, சுற்றிலும் வெள்ளரி, பிஞ்சுக் கத்தரி, அவித்த காய்கள், இலைகள். தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவது. பர்மியர் வீட்டில் இது இல்லாமல் சாப்பாடே கிடையாது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் உயிர். சாயங்காலம் அது மறுபடி அடுப்பேறும்போது நானும் அக்காவும் பால்கனிக்குப் போய்விடுவோம். மாடிப்படி முழுக்க மணக்கும்.

அந்த வாடையில் ஒரு பங்கு அமீன் வகைப் பொருள்கள், கெட்டுப்போகத் தொடங்கும் மீனில் வருகிற டிரைமெத்தில்அமீன் மாதிரி. இவை சோடா மாதிரி காரத்தன்மை உள்ளவை, காற்றில் எளிதாக எழும்பும். புளிப்பு பட்டால் உப்பாக மாறிக் கரைசலிலேயே தங்கிவிடும். மீன் கழுவும்போது நம் வீடுகளில் புளியோ எலுமிச்சையோ போடுவது இதற்குத்தான். ஒரே நாப்பித் தண்ணீரை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் மட்டும் எலுமிச்சை பிழிந்து, கண்ணை மூடிக்கொண்டு முகரச் சொன்னேன். மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி, எல்லாருமே சரியாகச் சொன்னார்கள். வாடை முழுதும் போகவில்லை. புளித்த மணம் ஒன்று அடியில் இருக்கத்தான் செய்கிறது, அது போனால் நாப்பி என்று சொல்லவும் முடியாது. முகத்தில் அறைகிற பகுதி மட்டும் இறங்கிவிட்டது.

இன்னொன்று, மறுசூடு வேண்டவே வேண்டாம். கரைத்த தண்ணீராக வைத்தால்தானே கொதிக்கவைக்க வேண்டியிருக்கிறது. கட்டியாக இருக்கும்வரை அதன் உப்பே அதைக் காக்கும். இப்போது வாழையிலையில் மடித்து, அணைகிற தணலில் சுட்டு, தேவையான அளவு மட்டும் வெந்நீரில் கரைக்கிறோம். பூண்டு, மிளகாய்த்தூள், இடித்த இறால், எலுமிச்சை. மகள் வெள்ளரிக்காயின் ஒரு முனையை நனைத்துப் பார்க்கிற அளவுக்கு வந்திருக்கிறாள். மகன் கிட்டே வரவில்லை. அவனைக் கட்டாயப்படுத்தப் போவதும் இல்லை. நான் நாப்பி தொட்டதே கல்யாணத்துக்குப் பிறகுதான்.

தன்யின் என்கிற மரத்தின் கொட்டையைப் பழுதுபார்க்க மறுத்துவிட்டேன். அவித்து எண்ணெயும் உப்பும் போட்டு அப்பா விரும்பிச் சாப்பிடுவார். எங்களுக்கு அதன் நாற்றம் ஆகாது. அதில் ஜெங்கோலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. சிலருக்கு அது சிறுநீர்ப் பாதையில் கூரிய படிகங்களாகி, தாங்க முடியாத வலியும் ரத்தமும் வரும். அவித்தால் குறையும், அடியோடு போகாது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று.

இதற்கு நடுவே, காலைச் சமையல் ஒரு பழுதைச் சரிசெய்தும் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். உல்லம் மீன். ருசியில் அதற்கு ஈடில்லை, ஆனால் மயிரிழை போல முள். ஒரு முள் தொண்டையில் மாட்டினால் பிள்ளை ஒரு வருஷத்துக்கு மீன் பக்கம் திரும்பாது. இங்கே அதைப் புளிப்போடு, மூடிய பானையில், மிகச் சிறு தணலில் மணிக்கணக்காக விடுவார்கள். புளிப்பு முள்ளின் சுண்ணாம்பைக் கரைக்கும், நீண்ட சூடு மிச்சத்தை இளக்கும், கடைசியில் முள்ளோடு மென்று விழுங்கலாம். அம்மா இதைக் காலையில் ஏற்றி, மற்றப் பானைகள் இறங்கிய பிறகு மிஞ்சும் தணலிலேயே மத்தியானம்வரை விட்டுவிடுவார். அந்தப் பொறுமையான முறையில் நான் ஒன்றையும் மாற்றவில்லை, பானையைத் தவிர.

சாயங்காலம் அடுப்பு மூட்டினால் கரி செலவாகுமே என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி, கரி விலை அப்படி. அதனால் ஒரே தணலில் வரிசை போட்டுக்கொண்டோம். முதல் வேகத்தில் சோறு. சோற்றை இறக்கியதும் தணல் நல்ல சூட்டில் இருக்கும், அப்போது வெண்டைக்காயோ பாகற்காய் வறுவலோ. பிறகு எனாமல் சட்டியில் கீரை. தணல் தணிந்ததும் காலையில் வைத்த மீனோ கோழியோ மெதுவாகச் சூடேறி ஒரு கொதி வரட்டும். சாம்பல் பூத்த பிறகு நாப்பிப் பொட்டலம். காயைக் காலையிலேயே கழுவி அரிந்து துணியில் காயவிட்டால், சாயங்காலம் அடுப்படியில் நிற்கிற நேரம் அரைமணிக்கு மேல் போவதில்லை. சோற்றுப்பானை கறுத்தால் எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். அம்மா மட்டும், இரண்டு கட்டுக் கீரையில் முடிகிற வேலைக்கு இவ்வளவு கரியா என்கிறார்.